டார்க் நைட் ப்ளூ-ரேயில் கருப்புப் பட்டை வந்து வந்து போகிறதே, டிஸ்க் பழுதா? 4கே வாங்கலாமா?

டிஸ்க் பழுதில்லை, டிவியிலும் கோளாறில்லை. திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 'தி டார்க் நைட்' (2008) என்ற பேட்மேன் படத்தின் பழைய ப்ளூ-ரே ஒன்று வாங்கினீர்கள். படம் திரை முழுக்க ஆரம்பிக்கிறது. கொஞ்ச நேரத்தில் மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை விழுகிறது, பிறகு காணாமல் போகிறது, மறுபடி விழுகிறது. இது ஏன், அதைவிடத் துல்லியமான 4கே டிஸ்க்குக்கு மாறினால் கொடுக்கிற காசுக்குப் பிரயோசனம் உண்டா? இரண்டாவது கேள்விக்கு என் பதில் உண்டு என்பதுதான். ஆனால் முதல் கேள்வி புரிந்தால்தான் அந்தப் பதிலுக்கு அர்த்தம் வரும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிறிஸ்டோபர் நோலன் இந்தப் படத்தை இரண்டு வகை கேமராவில் எடுத்தார். பெரும்பகுதி வழக்கமான 35 மி.மீ. பிலிமில், 2.40:1 என்கிற அகலமான வடிவத்தில், அதாவது உயரத்தைப்போல 2.40 மடங்கு அகலம். சுமார் அரை மணி நேரக் காட்சிகள் மட்டும், ராட்சதத் திரைகளுக்கான ஐமேக்ஸ் கேமராவில். ஐமேக்ஸ் கேமராவுக்குள் பிலிம் படுக்கைவாட்டில் ஓடும், ஒரு ஃபிரேமுக்கு பிலிம் ஓரத்தில் 15 துளை. 35 மி.மீ. ஃபிரேமோடு ஒப்பிட்டால் பரப்பில் ஒன்பது, பத்து மடங்கு. வடிவமும் வேறு: 1.43:1, கிட்டத்தட்டச் சதுரம். அதுவரை இந்தக் கேமராவைக் கடலடி, மலையுச்சி, விண்வெளி என்று ஆவணப்படம் எடுப்பவர்கள்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஒரு பெரிய ஸ்டூடியோ கதைப்படத்தின் முக்கியக் காட்சிகளை அதில் எடுத்தது இந்தப் படத்தில்தான் முதல்முறை. கேமரா கனமானது, ஓடும்போது இரைச்சல் வேறு. பேச்சுக் காட்சிகளுக்குத் தோதுப்படாது. அதனால்தான் ஆரம்ப வங்கிக் கொள்ளை, ஹாங்காங் காட்சிகள், லாரித் துரத்தல், நகரத்தை வானிலிருந்து காட்டும் ஷாட்டுகள் என்று பொறுக்கி எடுத்த இடங்களில் மட்டும் அது வருகிறது.

டிஸ்க் தயாரித்தவர்கள் 35 மி.மீ. பகுதியை 2.40 ஆகவே விட்டுவிட்டு, ஐமேக்ஸ் பகுதியை மட்டும் டிவியின் 1.78:1 அளவுக்கு நிறைத்துவிட்டார்கள். நீங்கள் பார்க்கும் பட்டை மாற்றம் அதுதான். கணக்காகப் பார்த்தால், ப்ளூ-ரேயில் மேலிருந்து கீழாக 1080 வரிகள் இருக்கின்றன. 2.40 காட்சியில் படத்துக்குக் கிடைப்பது 800 வரிதான், மீதி 280 வரி வெறும் கருப்பு. ஐமேக்ஸ் காட்சி வந்ததும் 1080 வரியும் படத்துக்கே போகிறது. வங்கிக் காட்சி இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே, அடுத்த காட்சி ஏன் ஒரு படி குறைவாகத் தெரிகிறது என்று தோன்றியிருந்தால், கண்ணில் பிசகில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடிட வேண்டும். சாதாரண தியேட்டர்களில் ஓடிய 35 மி.மீ. பிரதியில் படம் முழுக்க 2.40 தான். 2008 ஜூலையில் படம் வந்தபோது சென்னையில் ஐமேக்ஸ் அரங்கே கிடையாது. ஆக தமிழ்நாட்டில் தியேட்டரில் பார்த்த எல்லோரும் வெட்டிய படத்தைத்தான் பார்த்தோம். 1.43 ஃபிரேமை 2.40க்கு வெட்டினால் மேலும் கீழுமாக ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். 1.78க்கு வெட்டினால் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். வீட்டு டிஸ்க் என்றாலே தியேட்டர் படத்தின் சுருங்கிய நகல் என்பது நம் பழக்கம். இந்தப் படத்தில் அது தலைகீழ்: டிஸ்க்கில் அதிகப் படம் இருக்கிறது. எவ்வளவு சின்னத் திரையில் பார்த்தாலும் ஃபிரேமுக்குள் இருப்பது அதிகம்தான். அதனால்தான் இதற்காக மெனக்கெடச் சொல்கிறேன்.

லாரி கவிழும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் லசால் தெருவில், வங்கிக் கட்டடங்களுக்கு நடுவில், முழுநீள ட்ரெய்லர் லாரியை நிஜமாகவே கவிழ்த்தார்கள். சிறப்பு விளைவுகளுக்குப் பொறுப்பு கிறிஸ் கார்போல்ட். அடியில் பொருத்திய பிஸ்டன் தரையை உதைக்க, பின்பக்கம் மேலே எழும்பி, லாரி நெட்டுக்குத்தலாக ஒரு கணம் நின்று, மல்லாந்து விழுகிறது. நெட்டுக்குத்தலாக நிற்கிற லாரிக்கு உயரம்தானே வேண்டும்? 2.40 வடிவத்தில் அது ஒரு பெரிய விபத்து. 1.78ல் லாரிக்கு மேலே இரண்டு பக்கமும் கட்டடங்கள் ஏறிப்போவது தெரிகிறது, அப்போதுதான் அது எவ்வளவு குறுகலான தெரு என்பது உறைக்கிறது. கணினியில் வரைந்திருந்தால் இதைவிட ஆர்ப்பாட்டமாகப் பறக்கவிட்டிருப்பார்கள். இது வெறும் எடையோடு விழுகிறது.

இந்தப் படத்தை 'இருண்ட, யதார்த்தமான சூப்பர்ஹீரோ படம்' என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை தேய்ந்துவிட்டது. இதற்குப் பிறகு வந்த பல படங்கள் இருட்டு என்றால் வெளிச்சத்தைக் குறைப்பது என்று புரிந்துகொண்டன. இதில் வங்கிக் கொள்ளை பட்டப்பகலில் நடக்கிறது, மருத்துவமனை வெடிப்பதும் பகலில்தான். (அந்த மருத்துவமனை, மூடிக்கிடந்த ப்ராக்ஸ் மிட்டாய்த் தொழிற்சாலையின் ஒரு கட்டடம். நிஜமாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.) கதை நடக்கும் கற்பனை நகரமான காத்தமுக்காகத் தனியாக ஒரு கோட்டை நகரம் கட்டாமல், சிகாகோவை சிகாகோவாகவே காட்டினார்கள். வங்கி மேலாளராக வரும் வில்லியம் ஃபிக்ட்னர், மைக்கேல் மான் இயக்கிய 'ஹீட்' என்ற கொள்ளைப் படத்திலும் இருப்பவர். எந்த வகைப் படத்தின் சாயலில் எடுக்க நினைத்தார்கள் என்பதற்கு அந்த ஒரு முகம் போதும். இப்படித் தெரு, லாரி, கண்ணாடி, முகம் என்று கையால் தொடக்கூடிய பொருள்களை நம்பி எடுத்த படம் என்பதால், பிரதி மங்கினால் அந்த நம்பகத்தன்மையும் சேர்ந்து மங்கும்.

சரி, பதிப்புகளுக்கு வருவோம்.

டிவிடி, ப்ளூ-ரே இரண்டும் அமெரிக்காவில் 2008 டிசம்பர் 9 அன்று வந்தன. அந்த வருடம் ப்ளூ-ரேக்கு முக்கியமான வருடம். ஜனவரியில் இந்தப் படத்தை வெளியிட்ட வார்னர் நிறுவனம், ப்ளூ-ரேயின் போட்டி வடிவமான எச்டி டிவிடியை விட்டுவிட்டு ப்ளூ-ரே பக்கம் மட்டும் நிற்பதாக அறிவித்தது, பிப்ரவரியில் அதை முன்னின்று நடத்திய தோஷிபா எச்டி டிவிடிக்கே மூட்டை கட்டியது. போட்டி முடிந்த பிறகும் டிவிடி போதுமே என்று இருந்தவர்களைக் கடைக்கு இழுக்க ஒரு படம் தேவைப்பட்டது, அது இதுவாக அமைந்தது. ப்ளூ-ரேயும் ஓட்டும் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டியை விளையாடுவதைவிட இந்தப் படத்தைப் போட்டுக் காட்டவே அதிகம் பயன்படுத்திய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இன்னொரு வேடிக்கை: டிஸ்க் கடைகளில் கிடைக்கும்போதே, ஆஸ்கர் நேரத்தில், 2009 ஜனவரியில் படத்தை மீண்டும் தியேட்டரில் போட்டார்கள். உலக வசூல் நூறு கோடி டாலரைத் தாண்டியது அதற்குப் பிறகுதான்.

டிவிடியில் படம் முழுக்க 2.40 தான். இரண்டு டிஸ்க் பதிப்பில் ஐமேக்ஸ் காட்சிகளைத் தனியாக இரண்டாவது டிஸ்க்கில் வைத்தார்கள். இன்று அதைத் தேட வேண்டியதில்லை.

உங்களிடம் இருக்கும் 2008 ப்ளூ-ரேயின் ஐமேக்ஸ் பகுதிகள் இன்றைக்கும் அசத்தல். குறை இருப்பது 35 மி.மீ. பகுதிகளில். செயற்கையாக ஷார்ப்னஸ் ஏற்றியிருக்கிறார்கள். வெளிச்சமான பின்னணியில் கோட்டு போட்ட ஆள் நிற்கும் ஷாட்டில் நிறுத்திப் பாருங்கள், தோள் ஓரமாக மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். 32 இஞ்ச் டிவியில் கண்ணுக்குப் படாது. 55 இஞ்ச் ஆனதும், ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் அங்கேயே போகும்.

4கே டிஸ்க் 2017 டிசம்பரில் நோலனின் மற்ற படங்களோடு சேர்ந்து வந்தது. அந்த வெள்ளைக் கோட்டுத் தொல்லை பெரிதும் தீர்ந்துவிட்டது, பிலிமின் மணல் மணலான தன்மை இயல்பாகத் தெரிகிறது. விசாரணை அறைக் காட்சியைப் பாருங்கள். மேசை விளக்கைத் தவிர இருட்டு. போலீஸ் அதிகாரி கார்டன் எழுந்து போகிறார், சட்டென்று விளக்குகள் எரிகின்றன, ஜோக்கரின் முதுகுக்குப் பின்னால் பேட்மேன். அந்த இருட்டு கருப்பாகவும், பிறகு வரும் வெளிச்சம் கண் கூசுவதாகவும் இருந்தால்தான் அடி விழும். இருட்டையும் வெளிச்சத்தையும் இன்னும் விரித்துக் காட்டும் எச்டிஆர் நுட்பம் அங்கே உண்மையில் வேலை செய்கிறது. ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜரின் முகத்தையும் பாருங்கள். மேக்கப் போட்ட ஜான் காலியோனி, அவரை நெற்றியைச் சுருக்கச் சொல்லி அதன்மேல் வெள்ளைப் பூச்சைப் பூசினார். முகம் தளர்ந்ததும் பூச்சு மடிப்பு மடிப்பாக வெடித்தது. அந்த வெடிப்புகளுக்கு நடுவே தோல் தெரிவது 4கேயில் தெளிவாக இருக்கிறது. லெட்ஜர் 2008 ஜனவரியிலேயே இறந்துவிட்டார், ஆஸ்கர் விருது அடுத்த ஆண்டு வந்தது. இந்தக் காட்சியை மட்டும் தனியாகப் போட்டுப் பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒலியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். 4கே டிஸ்க்கிலும் 5.1 சுற்றொலிதான், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் இல்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஹான்ஸ் சிம்மர் ஜோக்கருக்காகச் செய்த இசை, செல்லோவில் இழுத்துக்கொண்டே போகும் ஒரு சுரம். காதோரம் வண்டு ரீங்கரிப்பது போல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆரம்பிக்கும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அதன் முதல் பத்து விநாடி கேட்கவே கேட்காது. லாரித் துரத்தலில் பெரும்பகுதிக்கு இசையே கிடையாது, இன்ஜின் சத்தம்தான் இசை. பேட்மேன் ஓட்டும் பேட்பாட் என்ற இருசக்கர வண்டியின் சத்தத்தை ஒலி வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கிங் ஷெப்பர்ட் தொனி என்ற உத்தியில் செய்தார். கியர் மாறாமல் ஏறிக்கொண்டே போவது போலக் காதை ஏமாற்றும். பெரிய செட் வேண்டாம், ஒரு சுமாரான சவுண்ட்பாரும் சப்வூஃபரும் இருந்தால் போதும். வசனம் அமுங்கிக் கேட்டால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை, நானும் போடுகிறேன்.

கூடுதல் அம்சங்களை எதிர்பார்த்து வாங்காதீர்கள். படப்பிடிப்புக் காட்சிகள் நன்றாகவே இருக்கின்றன, லாரியைக் கவிழ்த்ததை அங்கே பார்க்கலாம். ஆனால் இயக்குநர் விளக்க உரை இல்லை, வெட்டிய காட்சிகளும் இல்லை. காத்தம் செய்திச் சேனல் என்று கற்பனை நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது, ஒருமுறை பார்க்கலாம்.

ஓடிடியில் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். அங்கே எந்த வடிவம் கிடைக்கும் என்பது தளத்தைப் பொறுத்தது, சோதிப்பது சுலபம். முதல் காட்சியைப் போடுங்கள். கேமரா ஒரு கண்ணாடிக் கட்டடத்தை நோக்கிப் பறந்துபோகிறது, ஒரு ஜன்னல் தெறிக்கிறது. அப்போது திரை முழுக்கப் படம் இருந்தால் ஐமேக்ஸ் வடிவம். அங்கேயே பட்டை இருந்தால் தியேட்டர் வடிவம், அதற்கு உங்கள் ப்ளூ-ரேயே மேல். நெட் வேகம் குறைந்தால் விசாரணை அறை இருட்டு கட்டம் கட்டமாக உடையும் என்பது தனி வருத்தம்.

எதில் பார்த்தாலும் டிவி செட்டிங்ஸில், அசைவைச் செயற்கையாக மென்மையாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் லாரித் துரத்தல் டிவி சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். 'ஜூம்' பொத்தானை அழுத்திப் பட்டையை ஒழிக்கவும் பார்க்காதீர்கள், ஓரத்தில் நிற்கும் ஆள்கள் வெளியே போய்விடுவார்கள்.

டிவி 50 இஞ்சுக்கு மேல், 4கே, எச்டிஆர் ஓரளவு நன்றாக இருக்கிறது என்றால் 4கே டிஸ்க்குக்கு மாறுங்கள். இல்லையென்றால் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், வித்தியாசம் அதிகம் தெரியும். நோலனின் பேட்மேன் படங்கள் மூன்றும் சேர்ந்த பெட்டி மலிவாகக் கிடைத்தால் அதையே வாங்கலாம். 'பேட்மேன் பிகின்ஸ்'ஸில் ஐமேக்ஸ் காட்சி இல்லை, அதனால் பட்டை கடைசிவரை இருக்கும். மூன்றாவது படத்தில் ஐமேக்ஸ் பகுதி ஒரு மணி நேரத்துக்கும் மேல், அதிலும் இதே மாதிரி வந்து வந்து போகும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 4கே டிஸ்க்குக்கு ரீஜன் கட்டுப்பாடு (எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்ற பூட்டு) கிடையாது. ஆனால் சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் அது ஓடாது. பிளேஸ்டேஷன் 4 ப்ரோவிலும் ஓடாது, இதைப் பலர் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அல்லது தனி 4கே பிளேயர் வேண்டும். முதலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிஸ்க்குக்கு ஆர்டர் போடுங்கள்.