வாசகர் கேள்வி பதில்: கப்பலின் பெயரிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகன் சிட்னியில் இருக்கிறான், மருமகள் ஆஸ்திரேலியப் பெண். அவளுடைய பாட்டி வழி முன்னோர் ஒருவர், அயர்லாந்தின் கார்க் பகுதியில் ஆடு திருடியதற்காக நாடு கடத்தப்பட்டு 1832இல் சிட்னி வந்து சேர்ந்தவராம். மர்ஃபி என்ற குடும்பப் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பேரனைப் பள்ளியில் இரு வீட்டு வம்சாவளியையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கைதியை எங்கிருந்து தேடத் தொடங்குவது? 1801 கலகத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஆள் ஒருவரையும் பினாங்குக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று என் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரையும் இப்படித் தேட முடியுமா?
— ஒரு வாசகி, தொண்டி

பதில்: அயர்லாந்திலிருந்து தேடத் தொடங்க வேண்டாம் என்று மருமகளிடம் முதலில் சொல்லுங்கள். மர்ஃபி என்பது அந்த நாட்டிலேயே மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர். அதை மட்டும் வைத்துக்கொண்டு கார்க்கில் ஒருவரைத் தேடுவது, கீழக்கரைக் கடைத்தெருவில் நின்று மரைக்காயர் வீடு எது என்று விசாரிப்பதைப் போன்றது. அத்துடன், 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகம் எரிந்ததில், 1836க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகளும் போய்விட்டன; உங்கள் மர்ஃபி 1832ஆம் ஆண்டுக்காரர். அவரோ அவருடைய வீட்டாரோ தண்டனையைக் குறைக்கும்படி அரசுக்கு மனு எழுதியிருந்தால் மட்டுமே அங்கே வழி உண்டு, ஏனெனில் 1791 முதலான மனுக்கள் பல தப்பிப் பிழைத்து டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் நுண்படப் பிரதிகளை அயர்லாந்து அரசு 1988இல் ஆஸ்திரேலியாவுக்கு அன்பளிப்பாகவும் கொடுத்திருக்கிறது.

தேட வேண்டிய இடம் சிட்னிதான். காலனி அலுவலகத்தார் ஒரு கைதியைப் பெயரால் மட்டும் குறித்ததில்லை. வந்த கப்பலையும் வந்த ஆண்டையும் சேர்த்தே எல்லாத் தாள்களிலும் எழுதினார்கள். நமக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்து எப்படியோ, கைதிக்குக் கப்பலின் பெயர் அப்படி. விடுதலை பெற்று, மணம் முடித்து, நிலம் வாங்கிய பிறகும் அது அவரை விட்டு அகலவில்லை. ஆகவே 1832இல் அயர்லாந்திலிருந்து சிட்னி வந்த கைதிக் கப்பல்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மர்ஃபிகள் இருந்தார்கள் என்று பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆவணக் காப்பகத்தின் பெயர் அகரவரிசைகளை வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்.

கப்பல் கரை சேர்ந்ததும் எழுதப்பட்ட ஆள்பட்டியல் அந்தக் காலத்தில் மிக விரிவானது. வயது, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, மணமானவரா, எத்தனை பிள்ளைகள், பிறந்த ஊர், தொழில், குற்றம், விசாரணை நடந்த இடமும் நாளும், தண்டனை ஆண்டுகள் ஆகிய எல்லாம் ஒரே வரிசையில் வரும். அதற்கப்பால் உயரத்தைக் கால் அங்குலம் வரை அளந்து எழுதியிருப்பார்கள். மயிரின் நிறம், கண்ணின் நிறம், எந்தப் புருவத்தில் தழும்பு, எந்தக் கையில் பச்சை என்பதும் இருக்கும். தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதிய அந்தக் குறிப்பில்தான், புகைப்படம் இல்லாத காலத்து மனிதரின் முகத்தைப் பேரன் பார்க்கப் போகிறான். குற்றம் ஆட்டுத் திருட்டுதானா என்பதும் அங்கே தெரிந்துவிடும். முன்னோர் செய்ததை எல்லாக் குடும்பங்களும் சற்றுச் சிறிதாக்கியே சொல்லும் என்பதால், வேறு ஏதாவது இருந்தால் மருமகள் திடுக்கிட வேண்டாம்.

பிறகு வருபவை எளிது. 1837ஆம் ஆண்டுக் கைதிகள் பட்டியலில் அவர் எந்த வட்டாரத்தில் எந்த முதலாளியிடம் வேலைக்கு விடப்பட்டிருந்தார் என்பது இருக்கும். ஏழாண்டுத் தண்டனைக்காரர் நான்காண்டு ஒழுங்காக இருந்தால், குறித்த வட்டாரத்துக்குள் கூலிக்கு வேலை செய்துகொள்ள விடுப்புச் சீட்டு கிடைக்கும். தண்டனை முடிந்ததும் விடுதலைச் சான்று. கைதி மணம் முடிக்கவும் அரசின் அனுமதி வேண்டும் என்பதால் அந்த விண்ணப்பங்களும் பதிவாகியிருக்கின்றன. கப்பல் மருத்துவர்களின் நாட்குறிப்புகள் பல லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உங்கள் ஆள் வழியில் நோயுற்றிருந்தால் அவற்றில் அகப்படலாம்.

இனி உங்கள் அப்பத்தா சொன்னது. அதைக் கட்டுக்கதை என்று தள்ள முடியாது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட 70க்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அங்கே 1818இல் துரைச்சாமியைச் சந்தித்த கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், இளமையிலேயே முதுமை தட்டிவிட்ட அவரை அடையாளம் காண முடியாமல் நின்றதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1801, 1802ஆம் ஆண்டுகளின் படைத்துறை, வருவாய்த்துறை நடவடிக்கைக் கட்டுகளைக் கேளுங்கள். பெயரைத் தமிழ் ஒலிப்படி எதிர்பார்க்கக் கூடாது. மருதுவை ‘முர்டூ’ என்று எழுதிய காதுகள் அவை. ஐரிஷ் பெயர்களையும் ஆங்கிலேய எழுத்தர்கள் அப்படித்தான் சிதைத்தார்கள். ஆகவே உங்கள் முன்னோர் பெயரை ஒருவர் வாயால் சொல்ல, தமிழறியாத இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதினால் எப்படியெல்லாம் வரும் என்று ஐந்தாறு வடிவங்களை முன்னதாகக் குறித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: தண்டனை முடிந்த ஐரிஷ் கைதிகள் ஊர் திரும்பினார்களா?
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: விடுதலைச் சான்று பெற்றவர் திரும்பலாம், ஆனால் கப்பல் கூலி அவருடையது, பெரும்பாலோர் திரும்பவில்லை. நிபந்தனை மன்னிப்புப் பெற்றவருக்கோ, தண்டனைக் காலம் முடியும்வரை தாய்நாட்டில் கால் வைக்கவே தடை. மாறாக, ஊரில் விட்டுவந்த மனைவியையும் பிள்ளைகளையும் அரசுச் செலவில் வரவழைக்கும்படி கைதிகள் விண்ணப்பிக்க வழி இருந்தது. தொண்டி வாசகி இதையும் பார்க்கட்டும்: அத்தகைய விண்ணப்பத்தில் மனைவி எந்த ஊரில் இருக்கிறாள், அவளை அறிந்தவர் யார் என்று எழுத வேண்டியிருந்ததால், எரிந்துபோன பதிவேட்டில் தேட முடியாத கிராமத்தின் பெயர் அதில் அகப்படக்கூடும்.