கரிஞ்சாவும் கோல் கணக்கும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிரேசில் கால்பந்து வீரர் பெலேயைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கரிஞ்சாவ விட்டுட்டு என்ன பெலே?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். தேடிப் பார்த்தால் இருவரும் ஒரே பிரேசில் அணியில் ஆடியவர்கள்; பிரேசிலுக்காகப் பெலே போட்டது 77 கோல், கரிஞ்சா 12. அப்பா சொல்வதில் நியாயம் உண்டா, வெறும் அபிமானமா?

– ஒரு வாசகர், பொகவந்தலாவ

தம்பிக்கு,

நான் அப்பா பக்கம்தான், முக்கால்வாசி.

வலது ஓரத்தில் ஆடுகிறவரைக் கோல் எண்ணி அளந்தால் கணக்குப் பிழையாகிவிடும். 1958 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் சுவீடன்தான் முதலில் கோல் போட்டது. அப்புறம் பிரேசிலின் வவா போட்ட இரண்டும் ஒரே அச்சு: கரிஞ்சா வலப்பக்கம் ஆளைக் கடந்து குறுக்கே தட்டிவிட, வவா காலை வைத்தார். கோல் அவர் பெயரில் ஏறியது. 1962இல் சிலியில் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயப்பட்டு உட்கார்ந்துவிட்டார். கரிஞ்சா காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு போட்டார். அரையிறுதியில் நடுவர் வெளியே அனுப்பியவரை இறுதியாட்டத்தில் ஆட விட்டது தனிக்கதை. கிண்ணம் பிரேசிலுக்கு.

கரிஞ்சாவின் கால் இரண்டும் ஒரே பக்கம் வளைந்தவை, நீளமும் ஒன்றல்ல. பந்தைத் தொடாமல் இடப்பக்கம் சாய்வார், எதிராளியும் சாய்வான், இவர் வலப்பக்கம் பறந்துவிடுவார். வலப்பக்கம்தான் போவார் என்று ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பிறந்தது ரியோவுக்குப் பக்கத்தில் பாவ் கிராண்டே என்ற மில் ஊரில். வீடும் மில்லுடையது, 14 வயதில் வேலையும் அங்கேதான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அப்பாவின் அபிமானம் இங்கேதான் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் நம்ம ஆள் என்று கொண்டாடினால் குடியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1969இல் போதையில் ஓட்டிய கார் லொறியில் மோதி, துணைவி எல்சா சோரெஸின் தாயார் இறந்தார். எல்சாவையும் அடித்திருக்கிறார். 1983இல், 49 வயதில், குடிதான் அவரையும் கொண்டுபோனது. வெள்ளந்தி மனிதர், உலகம் ஏமாற்றிவிட்டது என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. "மனுசன் தங்கம், குடிச்சாத்தான் இப்படி" என்று லயத்தில் நாம் கேட்காத சமாதானமா?

அந்த 1958 இறுதியாட்டம் யூடியூபில் கிடைக்கிறது. அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் பாதி போதும்.

அன்புடன்,
அண்ணன்