எஸ்யூ போட்டு யூசர் மாறினால் .ப்ரொஃபைலில் எழுதிய பாத் ஏன் வருவதில்லை?

உங்கள் .ப்ரொஃபைலில் (நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல், உள்ளே வரும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) தப்பு எதுவும் இல்லை. ‘ஆப்’ என்ற யூசரின் .ப்ரொஃபைலில் புது ஜாவாவின் பாத்தை (ஷெல் கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) எழுதியிருக்கிறீர்கள், அந்த யூசராக எஸ்எஸ்எச் வழியாக (தொலைவிலிருந்து) நேரே உள்ளே வந்தால் சரியாக இருக்கிறது, ரூட் என்ற நிர்வாகி யூசரிலிருந்து, யூசர் மாற்றும் கட்டளையான எஸ்யூவால் (su) ‘எஸ்யூ ஆப்’ என்று மாறும்போது மட்டும் பழைய ஜாவாதான் ஓடுகிறது என்கிறீர்கள். ஷெல் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை, அதுதான் காரணம். ‘எஸ்யூ - ஆப்’ என்று நடுவில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு அடித்துப் பாருங்கள், வந்துவிடும்.

கோடு இல்லாத எஸ்யூ ஆளை மாற்றுமே தவிர சூழலை மாற்றாது. ஹோம், ஷெல், யூசர் பெயர் என்று இரண்டு மூன்றை மட்டும் மாற்றிவிட்டு, பாத் உட்பட மற்றதையெல்லாம் பழைய ஆளிடமிருந்து அப்படியே கொண்டுவரும், நீங்கள் நின்றிருந்த அடைவிலும் அப்படியே நிறுத்தும் (ரூட்டின் வீட்டில் நின்றுகொண்டு மாறினால் உடனே எல்எஸ் கூட அனுமதி இல்லை என்று சொல்வது இதனால்தான்). கோடு போட்டால் டெர்ம் (டெர்மினலின் வகை) போன்ற ஒன்றிரண்டு தவிர எல்லாச் சூழல் மாறிகளையும் துடைத்துவிட்டு, அந்த யூசரின் வீட்டுக்கே போய், லாகின் ஷெல்லாக, அதாவது அந்த யூசரே புதிதாக உள்ளே வந்து .ப்ரொஃபைலைப் படிப்பது போல, தொடங்கும். ‘எக்கோ $0’ அடித்தால் ‘-பேஷ்’ (பேஷ் என்பது ஷெல்லின் பெயர்) என்று முன்னால் கோடோடு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது லாகின் ஷெல்.

இதே இடத்தில் நான் ஒரு ராத்திரி முழுசாக இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டேன். ஜாவா 11-இல் கட்டிய சர்வீஸ், ஆப் யூசரின் .ப்ரொஃபைலில் 11, ரூட்டின் பாத்தில் 8. கோடு இல்லாமல் மாறி ஸ்டார்ட் ஸ்கிரிப்டை ஓட்டினேன், கிளாஸ் வெர்ஷன் ஒத்துவரவில்லை என்று விழுந்தது, ஜாரை (ஜாவா நிரலின் தொகுப்புக் கோப்பு) திரும்பத் திரும்ப பில்டு செய்துகொண்டே இருந்தேன். கடைசியில் பாத்தை எக்கோ செய்து பார்த்தபோதுதான் அது ரூட்டின் பாத் என்று தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், யூசர் மாறியதும் முதலில் பாத்தைப் பாருங்கள்.

டெபியன் என்ற லினக்ஸின் பழைய பதிப்புகளில் வெறும் எஸ்யூ போதுமாக இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், அங்கே கோடு இல்லாவிட்டாலும் எஸ்யூ பாத்தை மாற்றிவிடும். 2019-இல் வந்த டெபியன் 10-இல் எஸ்யூ வேறு தொகுப்பிலிருந்து வரத் தொடங்கியது, அதிலிருந்து மாற்றுவதில்லை. கோடு இல்லாமல் ரூட்டுக்கு மாறிய பிறகும் ‘யூசர்ஆட்’ கட்டளையே இல்லை என்று வருவதும் இதே கதைதான், நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் அடைவுகள் பாத்தில் இருக்காது.

அப்புறம், கோடு போட்டும் வரவில்லை என்றால் இன்னொரு இடத்தைப் பார்க்க வேண்டும். பேஷ் லாகின் ஷெல்லாகத் தொடங்கும்போது முதலில் /எட்சி/ப்ரொஃபைலைப் படிக்கும், பிறகு வீட்டில் .பேஷ்_ப்ரொஃபைல், .பேஷ்_லாகின், .ப்ரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். ஏதாவது ஒரு இன்ஸ்டாலர் உங்களைக் கேட்காமலே .பேஷ்_ப்ரொஃபைலை உருவாக்கிவிட்டால், அன்றிலிருந்து உங்கள் .ப்ரொஃபைலை யாரும் சீண்ட மாட்டார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் இதில் மோசம். ‘எல்எஸ் -ஏ’ அடித்து மூன்றில் எது எது இருக்கிறது என்று பார்த்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் .பேஷ்ஆர்சியில் (லாகின் அல்லாத பேஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பு) போட்டுவிட்டால் தீராதா என்று கேட்டால், தீராது. டெபியன், உபுண்டுவில் அந்தக் கோப்பின் தலையிலேயே, எதிரில் ஆள் உட்கார்ந்து தட்டாத ஷெல் என்றால் திரும்பிப் போய்விடு என்று ஒரு சோதனை இருக்கிறது, அதற்குக் கீழே எழுதும் எக்ஸ்போர்ட் (மாறியைப் பிற நிரல்களுக்கும் கொடுக்கும் வரி) எதுவும், ஆள் தட்டாமல் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளுக்குப் போய்ச் சேராது. எக்ஸ்போர்ட் எல்லாம் .ப்ரொஃபைலில், ஏலியஸும் (கட்டளைகளுக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) ப்ராம்ப்டும் .பேஷ்ஆர்சியில், .ப்ரொஃபைலிலிருந்து .பேஷ்ஆர்சியை ஒரு வரியில் அழைத்துக்கொள்வது, நான் பல வருஷமாக வைத்திருப்பது இப்படித்தான். சுடோ (வேறு யூசராகக் கட்டளை ஓட்டும் கருவி) பழக்கம் உள்ளவர்கள் ‘சுடோ -ஐ -யூ ஆப்’ என்று போட்டால் அதுவும் லாகின் ஷெல்தான். நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரான் இந்தக் கோப்புகள் எதையும் படிக்காது, அங்கே பாத்தை அதன் அட்டவணைக் கோப்பான கிரான்டாபிலேயே எழுதிவிடுங்கள்.

மாற்றும்போது ரூட்டாக இன்னொரு டெர்மினலைத் திறந்தே வைத்திருங்கள், .ப்ரொஃபைலில் ஒரு ‘எக்சிட்’ தவறி விழுந்தால் கூட உள்ளே வர வழி இருக்கும். சோதிக்க ‘எஸ்யூ - ஆப் -சி’ என்று அடித்து, பாத்தை எக்கோ செய்யும் கட்டளையை அதன் பின்னால் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். இரட்டை மேற்கோள் போட்டால் நீங்கள் நிற்கும் ஷெல்லே பாத்தை விரித்துக் கொடுத்துவிடும், ரூட்டின் பாத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சரியாகவில்லை என்று நினைப்பீர்கள்.