கிராமத்துப் பங்குக் கோவிலின் வரலாற்றை எங்கே தேடுவது?

கல்வெட்டோ தலவரலாறோ இல்லாத கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் பழைய கதையை எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்கி ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். என்னைக் கேட்டால், கட்டடத்தைவிட அதுதான் அதிகம் பேசும். திருமணங்களையும் ஞானஸ்நானங்களையும் பங்குகள் எழுதிவைக்க வேண்டும் என்பது 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் விதித்த கட்டளை.

பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களோடு நின்றுவிடாமல் பக்கத்தின் ஓரத்தையும் கவனியுங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து வேறு ஊரில் மணம் முடித்தாலும், குருவானாலும், செய்தி இங்கே வந்து ஓரக்குறிப்பாக ஏறும். ஒரே பெயருக்கு நேரே இரண்டு கையெழுத்து, இரண்டு மை! அடக்கப் பதிவேட்டில் ஒரே வாரத்தில் பெயர்கள் குவிந்திருந்தால் கொள்ளைநோய் வந்திருக்கலாம்.

அப்புறம், இன்று பல இடங்களில் ஒரே குரு நாலைந்து கிராமங்களைப் பார்க்கிறார். பூசை இல்லாத நாளிலும் கோவிலைத் திறந்து செபமாலை சொல்பவர்கள் ஊர்க்காரர்களே. அவர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.