தெருமுனையில் பாடிய பையன்கள் இசைத்தட்டு வரை எப்படிப் போனார்கள்?

1950-களில் அமெரிக்க நகரத் தெருக்களில் வாத்தியமில்லாமல் பல குரல்கள் சேர்ந்து பாடிய 'டூ-வாப்' குழுக்களுக்கு வாத்தியம் வாங்கக்கூடக் காசில்லையே, எப்படிப் புகழ் பெற்றன என்று கேட்டிருக்கிறீர்கள். காசில்லாததுதான் அந்தப் பாணியையே உருவாக்கியது. ஒருவன் அடிக்குரலில் 'டூம், டூம்' என்று பேஸ் கிட்டாரின் வேலையைச் செய்வான். இரண்டு மூன்று பேர் 'ஊ... வா' என்று சுருதி பிடிப்பார்கள். மேலே ஒரு குரல் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். மாடிப்படிக்கட்டும் கட்டட நுழைவாயிலும் எதிரொலி தரும் என்பதால் அங்கேயே நின்று பயிற்சி செய்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம், நியூயார்க்கின் 'டீனேஜர்ஸ்' குழு. மூன்று கறுப்பினப் பையன்கள், இரண்டு போர்ட்டோ ரிக்கோ பையன்கள், எல்லோரும் பள்ளி மாணவர்கள். அவர்கள் பாடுவதைக் கேட்ட ரிச்சர்ட் பாரெட் என்ற பாடகர், தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னரிடம் கூட்டிப்போனார். 1956 தொடக்கத்தில் வந்தது 'வை டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்ற அவர்களுடைய பாட்டு. முதலில் ஷெர்மன் கார்ன்ஸின் அடிக்குரல் மட்டும் தனியாக வரும். பிறகு பதின்மூன்று வயது ஃப்ராங்கி லைமனின் குரல் பளீரென்று மேலே எழும். கேட்டுப் பாருங்கள், சிலிர்க்கும். பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது.

பணம்தான் பையன்களுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. பாட்டை எழுதியதாக உரிமை கேட்டு உறுப்பினர்கள் இருவர் தொடுத்த வழக்கில் 1992-இல் ஜூரி அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் காலம் கடந்து வழக்குப் போட்டார்கள் என்று மேல்முறையீட்டில் அதுவும் கைவிட்டுப் போனது. ஃப்ராங்கி 1968-லேயே, 25 வயதில் இறந்துவிட்டான்.