கவனத்தைத் திருப்பினால் பல் சிகிச்சையில் வலி குறையுமா?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. கீழ்க் கடைவாய்ப் பால் பல் ஒன்று சொத்தை. போன மாதம் அடைப்பதற்குக் கூட்டிப் போனோம். ஊசியைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள். நானும் நர்ஸும் கையைக் காலைப் பிடித்துப் பார்த்தும் முடியாமல் பாதியில் திரும்பினோம். இப்போது வேறொரு மருத்துவர், வீடியோ காட்டி, பேச்சுக் கொடுத்து, கவனத்தைத் திருப்பிச் செய்துவிடலாம் என்கிறார். வலி வலிதானே, வேறெதையோ பார்த்தால் எப்படிக் குறையும்? குழந்தையை ஏமாற்றுகிற மாதிரி இல்லையா? என் கணவர், 'ஐந்து நிமிஷம் இறுக்கிப் பிடித்தால் முடிகிற வேலை' என்கிறார். நான் பக்கத்தில் இருக்கலாமா? இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: 'ஏமாற்றுகிற மாதிரி இல்லையா' என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான பெற்றோர் கேட்காத கேள்வி அது. அதற்கு வருகிறேன். முதலில் 'வலி வலிதானே' என்பதைப் பார்த்துவிடலாம்.

ஓடி விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருக்கும். எப்போது விழுந்தோம் என்று அதற்கே தெரியாது. நாம் 'ஐயோ, ரத்தம்!' என்றதும் அழத் தொடங்கும். அந்த அழுகை நடிப்பில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அதற்கு நிஜமாகவே வலிக்கிறது. காயம் முன்பே இருந்தது, கவனம் இப்போதுதான் வந்தது.

1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வலிச் செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிற பாதையில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறப்பதும் சாத்துவதும் காயத்தின் கையில் மட்டும் இல்லை. தொடுகையும் அழுத்தமும் அதை ஓரளவு சாத்தும். மேலிருந்து மூளை அனுப்பும் உத்தரவும் சாத்தும். இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துக்கொள்வது இதனால்தான். பல்லுக்கும் முகத்துக்கும் அந்தக் கதவு மூளைத்தண்டில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் சொன்னதில் சில நுணுக்கங்களைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் அடிப்படை நின்றுவிட்டது.

2012-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இதை இன்னும் நேரடியாகவே பார்த்தார்கள். தன்னார்வலர்களின் கையில் சூடு வைத்து வலி உண்டாக்கி, கூடவே நினைவாற்றலுக்குக் கடினமான ஒரு வேலையும் கொடுத்து, தண்டுவடத்தை ஸ்கேன் செய்தார்கள். மனம் வேலையில் மும்முரமாக இருந்தபோது, மூளைக்கு ஏறுவதற்கு முன்பே, தண்டுவடத்திலேயே வலிச் செய்தி அடங்கியிருந்தது. உடம்பு தானாகவே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருள்களைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, அந்த நிவாரணத்தில் ஒரு பகுதி காணாமல் போனது. ஆக, குழந்தை வீடியோவில் மூழ்கியிருக்கும்போது வலியை 'மறந்து' மட்டும் இருப்பதில்லை. அதன் உடம்பு கொஞ்சம் வலி மருந்தும் சுரந்துகொண்டிருக்கிறது.

சரி, அப்படியானால் போனைக் கொடுத்துவிட்டு ட்ரில்லை எடுத்துவிடலாமா? கூடாது. கவனத்தைத் திருப்புவது மரத்துப்போகும் ஊசிக்கு மாற்று இல்லை. பல்லைச் சரியாக மரக்க வைக்காமல் 'வீடியோவைப் பாரு, வீடியோவைப் பாரு' என்று சொல்லிக்கொண்டே சொத்தையைக் குடைவது இருக்கிறதே, அதைத்தான் நான் ஏமாற்று என்பேன். உள்ளே நரம்பு வீங்கியிருக்கும் பல் எளிதில் மரக்காது. அப்போது குழந்தை 'வலிக்குது' என்றால் அது வலிதான், அடம் இல்லை. மருந்து இன்னும் கொஞ்சம் போட வேண்டும், அல்லது அன்றைக்கு நிறுத்த வேண்டும்.

அதனால் கவனத்தைத் திருப்பும் வித்தைகள் முக்கியமாக வேண்டியிருப்பது அந்த ஊசி போடும் ஓரிரு நிமிஷங்களுக்குத்தான். நான் சிகிச்சை செய்யும்போது அந்த நேரம் எப்படிப் போகும் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நீங்கள் பதறாமல் இருப்பீர்கள்.

முதலில் ஈறைப் பஞ்சால் ஒற்றிக் காயவைத்து, மரக்கச் செய்யும் ஜெல்லைத் துளி தடவுவோம். எச்சிலோடு தடவினால் அது வழிந்து தொண்டைக்குப் போகும், கசக்கும், குழந்தை அங்கேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தடவிய பிறகு ஒன்றிரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்தக் காத்திருப்பைத்தான். (ஜெல்லைக் கடையில் வாங்கி வீட்டிலேயே தடவிக் கூட்டி வந்துவிடாதீர்கள். பென்சோகைன் என்ற மரக்கச் செய்யும் மருந்து உள்ள ஜெல், அரிதாக, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். 2 வயதுக்குக் கீழே அதைத் தொடவே கூடாது.)

அப்புறம் ஊசி. உதவியாளர் அதைக் குழந்தையின் தாடைக்குக் கீழே, கண்ணுக்குப் படாமல் என் கைக்குக் கொடுப்பார். நான் இடது கையால் அதன் கன்னத்தையும் உதட்டையும் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பேன். மெல்சாக்கும் வாலும் சொன்ன கதவை அந்த ஆட்டம்தான் சாத்துகிறது. மருந்தை மிக மெதுவாக, ஒரு மில்லிக்கு ஒரு நிமிஷம் என்ற கணக்கில் செலுத்த வேண்டும். வேகமாகத் தள்ளினால் குத்தியதைவிட அதுதான் அதிகம் வலிக்கும். அந்த நேரத்தில் குழந்தையால் பேச முடியாது, வாய் திறந்திருக்கிறது. தலையையும் ஆட்டக்கூடாது. மிச்சமிருப்பது கால்தான். 'வலது காலைத் தூக்கு. இன்னும் மேலே. இப்போ கட்டைவிரலால காத்துல ஒரு வட்டம் போடு. இடது காலால ஒரு சதுரம்' என்று கேட்பேன். காலால் சதுரம் போட்டுப் பாருங்கள், பெரியவர்களுக்கே முழுக் கவனமும் அதற்குச் செலவாகிவிடும். மூன்றாவது சதுரத்துக்குள் ஊசி வெளியே வந்திருக்கும்.

எளிய வித்தைதான். ஆனால் சும்மா பார்ப்பதைவிட எதையாவது செய்வது கவனத்தை அதிகம் இழுக்கும் என்பதால் இதையே முதலில் வைப்பேன். வீடியோவை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை, நடுவில் விளம்பரம் வராதபடி, முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு வீட்டில் அதைக் காட்டாமல் வைத்திருங்கள், அன்றைக்குப் புதுசாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கிய பிறகு போனை நீட்டிப் பயனில்லை. பயம் ஏறிவிட்ட மனதுக்குள் வேறெதுவும் நுழையாது. அறைக்குள் நுழையும்போதே படம் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். ஹெட்போன் போட்டால் ட்ரில் சத்தம் அடங்கும். ஆனால் ஒரு காது என் பேச்சுக்குத் திறந்திருக்கட்டும். கண்ணை முழுதாக மூடும் விர்ச்சுவல் ரியாலிட்டிக் கண்ணாடியைத் தீக்காயக் கட்டு மாற்றும்போது குழந்தைகளுக்குப் போட்டு நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். பல் நாற்காலியில் சின்ன முகத்துக்கு அது கனம், எங்கள் கைக்கும் இடைஞ்சல். அது இல்லையே என்று நீங்கள் ஏங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒத்துவராது. என்னிடம் வந்த ஒரு 7 வயதுப் பையன் வீடியோவைத் தட்டிவிட்டு, எழுந்து உட்கார்ந்து, தட்டில் இருந்த ஒவ்வொரு கருவியையும் காட்டி 'இது என்ன, இது என்ன' என்றான். நான் அவனைத் திரும்பத் திரும்பப் படம் பார்க்க வைக்க முயன்றேன். முயல முயல அவன் பயம் கூடியது. கடைசியில் ஒரு கைக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, 'நீயே பாரு, கறுப்பு எல்லாம் போயிடுச்சான்னு சொல்லு' என்றேன். முழு வேலையையும் கண் கொட்டாமல் பார்த்து, ஒரு ஓரத்தில் நான் விட்டுவைத்திருந்த கறுப்பைக் காட்டியும் கொடுத்தான். என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் சில பிள்ளைகளுக்கு நிம்மதி. வீட்டில் முள் எடுக்கும்போது உங்கள் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாளா, உற்றுப் பார்ப்பாளா என்று யோசித்து, அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது எங்களுக்குப் பெரிய உதவி.

இப்போது ஏமாற்று விஷயம். 'சும்மா பாத்துட்டு வந்துடலாம்', 'வலிக்கவே வலிக்காது', இவை இரண்டும்தான் ஏமாற்று. ஒரு தடவை பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் எதுவும் செல்லாது. ஊசி என்ற சொல்லை நாமாக எடுக்க வேண்டாம். அவளே 'ஊசியா?' என்று கேட்டால், 'ஆமா கண்ணு, பல்லைத் தூங்க வைக்கிற மருந்து. ஒரு கிள்ளு மாதிரி இருக்கும், அப்புறம் மரத்துடும்' என்று சொல்லுங்கள். மரத்த பிறகும் அழுத்துவது தெரியும், சத்தம் கேட்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த அழுத்தத்தையே வலி என்று எடுத்துக்கொள்வாள். இடது கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்திவிடுவார் என்று ஓர் ஒப்பந்தம் இருக்கட்டும். வலியில்லாத வேலையின்போதே அவள் அதை இரண்டு தடவை சோதித்துப் பார்ப்பாள். நாங்கள் நிஜமாகவே நிறுத்த வேண்டும். நிறுத்த முடியும் என்று தெரிந்த குழந்தை போகப்போகக் கையைத் தூக்குவதே குறைந்துவிடும்.

நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், இருங்கள். கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் 'ஒன்னுமில்லடா, பயப்படாதே, இதோ முடிஞ்சிடும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்க வினோதமாக இருக்கும். ஊசி போடும்போது பெற்றோர் சொல்லும் சமாதானப் பேச்சு குழந்தையின் தவிப்பைக் கூட்டுகிறது என்றே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. காரணம் எளிது. அம்மா 'பயப்படாதே' என்று சொல்வது பயப்பட ஏதாவது இருக்கும்போதுதான், அது குழந்தைக்குத் தெரியும். அதற்குப் பதில் வட்டம் போடச் சொல்லுங்கள், படத்தில் அடுத்து என்ன வரும் என்று நீங்களே உரக்க யோசியுங்கள். நீங்கள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தால் அவள் உங்கள் முகத்தில் அந்த ஊசியைப் பார்த்துவிடுவாள்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஐந்து நிமிஷம் இறுக்கிப் பிடித்தால் இந்தப் பல் முடிந்துவிடும், உண்மைதான். இன்னும் பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்க வேண்டிய வாய் அது. அடுத்த தடவை பிடிக்க இரண்டு பேர் போதாது. பயந்துபோய் வந்த நினைவு நாளாக நாளாகப் பெரிதாகும், சிறிதாகாது. கவனத்தைத் திருப்பியும் முடியவில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனோடு கலந்து, பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம் வரை, மூக்கு வழியாகக் கொடுப்பார்கள். குழந்தை விழித்தே இருக்கும், பயம் தளரும். முடிந்ததும் சில நிமிஷம் ஆக்சிஜன் மட்டும் கொடுத்து நாற்காலியிலிருந்து இறக்கிவிடுவார்கள். சொத்தை ஆழமில்லை என்றால் ஊசியும் ட்ரில்லும் இல்லாமல் சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவ மருந்தைத் தடவி, சொத்தையை அப்படியே நிறுத்தலாம். தடவிய இடம் கறுத்துப்போகும், பால் கடைவாய்ப் பல்லில் அது பெரிய குறையில்லை. பல்லைக் குடையாமலே ஸ்டீல் தொப்பி மாட்டிவிடும் முறையும் உண்டு. உங்கள் மகளின் பல்லுக்கு இவற்றில் ஏதாவது பொருந்துமா என்று எக்ஸ்-ரே பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும், கேளுங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் இந்த ஆற அமர யோசிக்கும் வேலையெல்லாம் கிடையாது, உடனே போய்விட வேண்டும்.

இடையில் இருக்கும் நாள்களில் வீட்டில் பல் டாக்டர் விளையாட்டு விளையாடுங்கள். சொல்வது, காட்டுவது, பிறகு செய்வது என்ற இந்த வரிசையை 1959-இலிருந்தே குழந்தைகள் பல் மருத்துவத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் டாக்டர், நீங்கள் பேஷன்ட். மல்லாக்கப் படுத்து வாயைத் திறங்கள், கரண்டிக் காம்பால் உங்கள் பல்லை எண்ணட்டும். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். காலால் சதுரம் போடுவதையும் அங்கேயே பழக்கிவிடலாம்.

சிகிச்சை முடிந்த அன்று இரவு அவளிடம் எதைப் பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். 'போன தடவை மாதிரி அழலையே' என்று அழுகையைத் திரும்ப ஞாபகப்படுத்தாதீர்கள். 'மொத்தம் எத்தனை சதுரம் போட்ட?' என்று கேளுங்கள். அவள் அதைப் போட்டுக் காட்டுவாள், அதுதான் ஞாபகத்தில் நிற்கும். இன்னொன்று: கீழ்த்தாடை ஊசி போட்டால் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். வினோதமாக இருக்கிறதே என்று குழந்தைகள் அதைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். உணர்வு திரும்பும் வரை மென்று தின்ன எதுவும் கொடுக்காதீர்கள், கண் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மணி நேரத்துக்கும் கவனத்தைத் திருப்பும் வேலை உங்களுடையதுதான். வீடியோவை முழுசாகக் காட்டித் தீர்த்துவிடாமல் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.