பழனியப்பன்னு பேர் செட்டிநாட்டுல ஏன் இவ்வளவு அதிகம்? அர்த்தம் என்ன, பையனுக்கு வைக்கலாமா?

தாராளமா வைங்க. எங்க ஐயா, அதாவது அப்பாவோட அப்பா பேரும் அதான், என் பேரும் அதான், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

அர்த்தம் நேரடியானது, பழனியில இருக்குற அப்பன், முருகன். மாம்பழக் கதையை வச்சு 'பழம் நீ'தான் பழனி ஆச்சுன்னு சொல்வாங்க, கேக்க அழகா இருக்கும், ஆனா அகநானூறு முதல் பாட்டுலயே 'பொதினி'ன்னு ஆவிங்கிற குறுநிலத் தலைவனோட ஊர் ஒண்ணு வருது, அதுதான் பழனின்னு தமிழறிஞர்கள் சொல்றாங்க, எனக்கு அதுதான் சரின்னு படுது. 'அப்பன்' எங்க பக்கம் பாதிப் பேர்ல இருக்கும், சாத்தப்பன், மெய்யப்பன், வள்ளியப்பன்னு.

ஏன் பழனின்னா, தைப்பூசத்துக்கு குன்றக்குடியில இருந்து காவடியோட சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியா நடந்தே பழனிக்குப் போறது எங்க நகரத்தார் செட்டியார்களுக்கு தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம். கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குப் போன தேசத்துக்கும் தண்டாயுதபாணியைக் கூட்டிட்டுத்தான் போனாங்க, சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859ல கட்டுனது.

ஆனா இத்தனை பழனியப்பன் இருக்குறதுக்கு முக்கியமான காரணம் ஐயா பேர் விடுறதுதான். அப்பச்சியை (அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) பெத்த ஐயாவோட பேரை மூத்த பேரனுக்கு விடுவாங்க, அண்ணன் தம்பி மூணு பேர்னா மூணு வீட்டு மூத்த பையனும் அதே பேர்தான். எங்க வளவுல, அதாவது பங்காளிங்க சேர்ந்திருக்குற பெரிய வீட்டுல, பெரிய பழனி, சின்னப் பழனி, அப்புறம் நான் கோட்டையூர் பழனி, ஆத்தா, அதாவது அம்மா பொறந்த ஊர் அது. இனிஷியலும் ஒத்தை எழுத்தா இருக்காது, பழ., ராம., சோம.ன்னு போடுவோம். எங்க வீட்டுல ஒரு பித்தளை அண்டா இருக்கு, கழுத்துல 'சித.பழ.'ன்னு புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும், புளி போட்டு தேச்சு தேச்சு மழுங்கிப்போச்சு, ஆனா விரல் வச்சா தட்டுப்படும். ஐயா கல்யாணத்துக்கு வாங்குனது. ஐயாவோட அப்பச்சி சிதம்பரம், என் அப்பச்சியும் சிதம்பரம், அதனால அந்த எழுத்து அப்படியே எனக்கும் பொருந்துது. சின்ன வயசுல அதை என் அண்டான்னே நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அப்பத்தா ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, புருசன் பேராச்சே, 'ராசா'ன்னுதான் கூப்பிடுவாக. ஐயா தவறி பல வருசம் ஆனப்பறமும் அப்படித்தான். குன்றக்குடியில அர்ச்சனைக்கு குருக்கள் பேர் கேட்டா பதில் சொல்லாம என் முதுகுல லேசா தட்டுவாக, நான் பழனியப்பன்னு சொல்லணும். மெதுவா சொன்னா விடமாட்டாக, "நல்லா சத்தமாச் சொல்லு ராசா"ன்னு திரும்பச் சொல்ல வைப்பாக.